நியூற்றலில் ஓடும் எஞ்சின் டி போட்டதும் ஏன் ஓஃப் ஆகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 1989 கொரோலா, ஏஈ 91, 5ஏ-எஃப் எஞ்சின், ஓட்டோ கியர். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்டிய பிறகு நியூற்றலில் பிழையில்லாமல் ஓடுகிறது. டி (டிரைவ்) போட்டுப் பிறேக்கில் நின்றால் நடுங்கி ஓஃப் ஆகிறது, ஏசி போட்டிருந்தால் இன்னும் கெதியாக. கராஜில் ஐடில் ஸ்குரூவைத் திருகி ரேஸை, அதாவது எஞ்சின் சுற்றும் வேகத்தை, ஏற்றிக் கொடுத்தார்கள். இப்போது ஓஃப் ஆவதில்லை. ஆனால் டி போட்டதும் ‘டக்’ என்று அடித்துக்கொண்டு கார் முன்னே பாய்கிறது, சந்தியில் பிறேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டே நிற்கவேண்டியிருக்கிறது. ஐடில் (அக்சிலேற்றரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) எத்தனையில் இருக்கவேண்டும் என்று ஒரு எண்ணைக் கேட்கிறீர்கள். கடைசி வரியில் ‘கியர்பொக்ஸ் இறக்கவேண்டும் என்கிறார்கள்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவு ரொயோட்டா எஞ்சினுக்கு ஓட்டோ கியரோடு, எஞ்சின் முழுதாகச் சூடாகி, ஏசி, லைற், ரேடியேற்றர் ஃபான் எல்லாம் ஓஃபில் இருக்கும்போது, நியூற்றலில் 800 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 800 சுற்றை) ஒட்டி நிற்கவேண்டும். உங்கள் காருக்குரிய சரியான அளவு பொனற்றின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் இருக்கும். ஜப்பானுக்குள் விற்ற காரென்றால் எழுத்து ஜப்பானியமாக இருந்தாலும் எண்ணை வாசிக்கலாம். அமெரிக்கக் கார்களில் ஐடிலை டியில் வைத்தே பார்க்கச் சொல்லியிருப்பார்கள், அதனால் வேறு காரின் எண்ணை இதற்குப் பொருத்தவேண்டாம். ஆனால் உங்கள் நோயைச் சொல்லும் எண் இதுவல்ல. நியூற்றலில் இருந்து டிக்குப் போகும்போது ரேஸ் எவ்வளவு விழுகிறது என்பதுதான் அதைச் சொல்லும்.

ஓட்டோ கியரில் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே கிளச் தட்டுக்குப் பதிலாக ரோர்க் கொன்வேட்டர் இருக்கிறது. ஒயில் நிரம்பிய ஒரு கோதுக்குள் இரண்டு காற்றாடிகள் முகத்துக்கு முகம் இருப்பதாக நினையுங்கள். ஒன்றை எஞ்சின் சுற்றுகிறது. அது தள்ளுகிற ஒயில் மற்றதைச் சுற்றுகிறது. நியூற்றலில் இரண்டாவது காற்றாடிக்குப் பின்னால் சுமை எதுவும் இல்லை, சும்மா கூடவே சுற்றும். டி போட்டுப் பிறேக்கை மிதித்ததும் அது சில்லுகளோடு பிணைக்கப்பட்டு அசையாமல் நிற்கும். எஞ்சினோ அந்த ஒயிலை விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். நல்ல எஞ்சினில் இந்தச் சுமைக்கு 100 ஆர்பிஎம் அளவில், கொஞ்சம் கூடவோ குறையவோ, விழும். விழுந்த இடத்தில் சீராக நிற்கும். 300, 400 விழுந்து நடுங்கினால் எஞ்சினுக்கு ஐடிலில் பலமில்லை என்று பொருள். நியூற்றலில் சுமை இல்லாததால் அந்தப் பலவீனம் தெரியாமல் இருந்திருக்கிறது. கியர்பொக்ஸ் இங்கே எஞ்சினின் குறையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். டிரைவிங் சீற்றில் ஆர்பிஎம் மீற்றர் இல்லாத கார் என்றால் கராஜில் இருக்கும் கொயிலில் கொழுவும் மீற்றரே போதும். காதால் ஊகிக்கவேண்டாம்.

காதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 90களின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடை காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துக்கும் இல்லாமல் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்த நேரம் தொழில் பழகிய எங்களுக்குக் காபரேற்றரின் சத்தம் நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் கார்கள் எல்லாம் கைக் கியர். நியூற்றலில் இனிமையாக ஓடினால் வேலை முடிந்தது. கிளச்சை மிதித்தால் எஞ்சினுக்குச் சுமையே இல்லை. அதே பழக்கத்தில் ஓட்டோ கியர் காரையும் நியூற்றலில் வைத்துக் காதால் ரியூன் பண்ணிவிட்டுச் சாவியைக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். டியில் வைத்துப் பார்க்கிற கடைசிப் படியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

இனி ஐடிலை ஏற்றியது ஏன் மருந்தாகாது என்று பார்ப்போம். காபரேற்றரின் அடியில், அக்சிலேற்றரை மிதித்தால் திறக்கிற திறொட்டில் தட்டு இருக்கிறது. ஐடிலில் அது ஏறக்குறைய மூடியே இருக்கும். தட்டுக்குக் கீழே ஒரு சின்னத் துளை, கலவை ஸ்குரூவின் கூர் முனை அதற்குள்தான் இருக்கிறது (கராஜில் இதை எயார் ஸ்குரூ என்பார்கள், உள்ளே திருகினால் பெற்றோல் குறையும், வெளியே திருகினால் கூடும்). தட்டின் விளிம்பை ஒட்டி, அந்தத் துளைக்குச் சற்று மேலே, நீளவாக்கில் இன்னொரு மெல்லிய கீறல் உண்டு. அக்சிலேற்றரை மெதுவாக மிதிக்கத் தொடங்கும்போது எஞ்சின் தடுமாறாமல் இருப்பதற்காக வைத்தது அது. ஐடில் ஸ்குரூவால் தட்டை அளவுக்கு மேல் திறந்துவிட்டால் அந்தக் கீறல் வெளிப்பட்டு, ஐடிலிலேயே பெற்றோலைக் கொட்டத் தொடங்கும். பிறகு கலவை ஸ்குரூவை எந்தப் பக்கம் திருகினாலும் பெரிய மாற்றம் வராது. டிஸ்ரிபியூற்றரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) வக்யூம் ஹோஸ் தொடங்குகிற துளையும் பல காபரேற்றர்களில் தட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. தட்டு திறந்தால் அங்கும் இழுவை எட்டி, ரைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முன்னே நகர்ந்து, ரேஸ் இன்னும் ஏறும். உங்கள் கார் முன்னே பாய்வதற்குக் காரணம் இதுதான். நியூற்றலில் 1100, 1200 என்று சுற்றுகிற எஞ்சினோடு டி போட்டால் எந்த நல்ல கியர்பொக்ஸும் அடிக்கும்.

இதை நீங்களே பார்த்து உறுதிப்படுத்தலாம். எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது கலவை ஸ்குரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே திருகுங்கள், எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே. நல்ல நிலையில் இருக்கும் காபரேற்றரில் ஒரு கட்டத்தில் எஞ்சின் தடுமாறத் தொடங்கும்; இன்னும் திருகினால் ஓஃப் ஆகவேண்டும். ஸ்குரூ அடியில் முட்டிய பிறகும் எஞ்சின் அசராமல் ஓடினால், அது பெற்றோலை வேறு வழியால் எடுத்துக்கொண்டிருக்கிறது. முட்டிய இடத்தில் இறுக்கவேண்டாம். அந்தக் கூர் முனையில் ஒரு வளையத் தழும்பு விழுந்துவிட்டால் பிறகு ஒருநாளும் நுணுக்கமாக வைக்கமுடியாது. தொழிற்சாலையில் இந்த ஸ்குரூவுக்கு மேல் ஒரு மூடி அடித்திருப்பார்கள். உங்களுடையதில் அது இன்னும் இருந்தால், காபரேற்றரைக் கழுவியவர் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யவே இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

கழற்றிப் பூட்டிய பிறகு வந்த வருத்தம் என்பதால் என் முதல் சந்தேகம் காற்றுக் கசிவு. காபரேற்றருக்கும் மனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் தடித்த இன்சுலேற்றரை இந்த வயதுக் கார்களில் கழற்றினால் வெடித்துத்தான் வரும்; பழையதையே திருப்பிப் போட்டால் ஓரத்தால் காற்று இழுக்கும். அடுத்தது ஹோஸ்கள். ஜப்பான் காரின் காபரேற்றரைச் சுற்றி ஓடும் மெல்லிய வக்யூம் ஹோஸ்களில் ஒன்றை இடம் மாற்றிக் கொழுவினாலோ, ‘இது தேவையில்லை’ என்று விட்டுவிட்டாலோ போதும். பிறேக் பூஸ்ரருக்குப் போகும் பெரிய ஹோஸ், பிசிவி வால்வ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப உள்ளே இழுப்பது) செருகியிருக்கும் றப்பர், ஏசி போட்டால் ரேஸைத் தூக்கும் ஐடில்-அப் ஹோஸ் எல்லாவற்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நுனியில் கல்லுப்போல் இறுகியிருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுக் கொழுவுங்கள், நீளம் போதாவிட்டால் புதிது போடுங்கள். கசிவைத் தேட, ஓடும் எஞ்சினின் இன்சுலேற்றர் ஓரத்தில் காபரேற்றர் கிளீனரைச் சொட்டாக அடித்தால் கசியும் இடத்தில் ரேஸ் மாறும். அது தீப்பற்றும் சாமான். பிளக் வயர் பழுதென்று சந்தேகம் இருந்தால் சவர்க்காரத் தண்ணீரே நல்லது; வேலை கொஞ்சம் மந்தம், ஆனால் பொனற் எரியாது.

ஈஜிஆர் வால்வ் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்குத் திருப்பி விடுவது) சரியாக மூடாமல் இருந்தாலும் இதே அறிகுறி வரும், இன்சுலேற்றரைப் பார்க்கும்போது அதையும் பார்த்துவிடுங்கள். பெற்றோலை வெட்டும் சொலனொயிட்டை மறக்கவேண்டாம்: சாவியை ஓனில் வைத்து அதன் வயரைக் கழற்றிக் கொழுவினால் ‘கிளிக்’ என்று கேட்கவேண்டும். கேட்கவில்லை என்றால் ஐடில் பாதைக்குப் பெற்றோலே வராமல் இருக்கலாம். அப்படியென்றால் தட்டை அளவுக்கு மேல் திறந்து வைத்தால்தான் எஞ்சின் உயிர் வாழும். சத்தம் கேட்டும் ஐடில் வரவில்லை என்றால் ஐடிலுக்குப் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெற் அடைபட்டிருக்கலாம். அதற்குள் கம்பி விடுபவர்களைக் கண்டால் தடுத்துவிடுங்கள். காற்றடித்துத்தான் சுத்தம் செய்யவேண்டும், துளை ஒரு தலைமயிர் அளவு பெரிதானாலும் ஜெற் குப்பைக்குத்தான்.

ரைமிங்கை லைற் அடித்துப் பாருங்கள், வக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, ஸ்ரிக்கரில் சொன்ன ரேஸில். ஏற்றிவிட்ட ஐடிலில் பார்த்தால் டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் எடைகள் விரியத் தொடங்கி, பிந்திய ரைமிங்கும் சரியானதுபோல் தெரியும். பிந்திய ரைமிங் ஐடிலின் பலத்தை உறிஞ்சிவிடும், டியில் அது அப்படியே தெரியும். பிளக், வயர், றோட்டர் கப் எல்லாம் வழமையான கதை.

இதற்குப் பிறகுதான் கலவை. சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணும்போது காற்றைக் குறைக்கும் தட்டு) முழுதாகத் திறந்திருக்கவேண்டும். சோக்கோடு சேர்ந்து குளிரில் ரேஸை ஏற்றிவைக்கும் ஃபாஸ்ற் ஐடில் காம் திறொட்டில் நெம்பில் தொட்டுக்கொண்டிருக்கக்கூடாது (எத்தனையோ ‘ஐடில் பிரச்சினை’ இந்த இடத்தில்தான் முடிந்திருக்கிறது). எயார் கிளீனர் பூட்டியிருக்கட்டும். கலவை ஸ்குரூவை மெதுவாக அடியில் முட்டவிட்டு இரண்டரைச் சுற்று வெளியே எடுங்கள். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஐடில் ஸ்குரூவால் 800க்குக் கொண்டுவாருங்கள். பிறகு கலவை ஸ்குரூவைத் திருகி ரேஸ் எந்த இடத்தில் ஆகக் கூடுகிறது என்று பாருங்கள். கூடியதை ஐடில் ஸ்குரூவால் இறக்கி 850இல் வையுங்கள். மறுபடி கலவை, மறுபடி ஐடில். கலவையை எப்படித் திருகினாலும் 850க்கு மேல் போகாத நிலை வந்ததும், கலவை ஸ்குரூவை மட்டும் உள்ளே திருகி 800க்கு இறக்குங்கள். ஆகக் கூடிய இடத்தில் விட்டால் பெற்றோல் கொஞ்சம் அதிகம் எரியும். 50 ஆர்பிஎம் இறக்கியது அந்த அதிகத்தைக் கழிக்கத்தான். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு சில விநாடி பொறுங்கள், எஞ்சின் பதில் சொல்ல நேரம் எடுக்கும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் அடுத்த நாளும் கராஜுக்கு வருகிறார்கள்.

வக்யூம் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும், முள்ளு அசையாது. முள்ளு அசையாமல் ஆனால் 14, 15இல் நின்றால் பிந்திய ரைமிங் அல்லது கசிவு. ஒரே தாளத்தில் விட்டுவிட்டு விழுந்தால் வால்வ் பக்கம் பாருங்கள். அதைக் காபரேற்றரால் சரிப்படுத்த முடியாது.

இனி டி. கைப் பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கல்லு வைத்து, ஒருவர் சீற்றில் இருந்து பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்கவேண்டும். காருக்கு முன்னால் ஒருவரும் நிற்கக்கூடாது, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். டி போட்டதும் 800 என்பது 700 சொச்சத்துக்கு வந்து நிற்குமானால் வேலை முடிந்தது. பிறகு ஏசி. ஏசி போட்டதும் ஒரு சின்ன டயஃப்ரம் திறொட்டிலைச் சற்றுத் திறந்து ரேஸைத் தூக்கவேண்டும், நியூற்றலில் 900க்கு மேல் வரவேண்டும். அதற்குத் தனி ஸ்குரூ உண்டு. ஏசிக்காகப் பெரிய ஐடில் ஸ்குரூவைத் தொட்டால் மறுபடி முதல் பந்திக்கே போய்விடுவீர்கள்.

ஓட்டோ கியர் காரில் காபரேற்றரைக் கழற்றியவர் கட்டாயம் பார்க்கவேண்டிய ஒன்றை உங்கள் கேள்வியில் காணவில்லை. திறொட்டில் நெம்பில் அக்சிலேற்றர் கேபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு கேபிள் கியர்பொக்ஸுக்குப் போகும். கிக்டவுன் (அக்சிலேற்றரை முழுதாக மிதித்தால் கீழ்க் கியருக்கு மாறுவது) கேபிள் என்பார்கள், ஆனால் இந்தக் கியர்பொக்ஸுகளில் அது கிக்டவுனுக்கு மட்டுமல்ல; எஞ்சின் எவ்வளவு பலம் தருகிறது என்பதை அறிந்து உள்ளே ஒயில் அழுத்தத்தை அதற்கேற்ப வைப்பதும் அதே கேபிள்தான். அது தளர்ந்திருந்தால் கியர்கள் வேளைக்கே மாறும், அழுத்தம் குறைந்து உள்ளே கிளச்சுகள் வழுக்கி எரியும். இறுகியிருந்தால் பிந்தி, அடித்து மாறும். சரிபார்ப்பது சுலபம்: எஞ்சின் ஓஃபில், ஒருவர் அக்சிலேற்றரை முழுதாக மிதித்துப் பிடிக்க, கேபிளின் உள்கம்பியில் நெரித்து வைத்திருக்கும் சின்ன முடிச்சு றப்பர் உறையின் வாயிலிருந்து 0 முதல் 1 மில்லிமீற்றருக்குள் நிற்கவேண்டும். கைக் கியர் கொரோலாவின் காபரேற்றரை வாங்கிப் பூட்டியிருந்தால் இந்தக் கேபிளைக் கொழுவ இடமே இருக்காது. கட்டித் தொங்கவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஓடும் ஒவ்வொரு நாளும் கியர்பொக்ஸின் ஆயுளில் போகிறது. உங்களுடையது அப்படியென்றால் காரை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கியர்பொக்ஸ் போய்விட்டதா என்பதற்கு வருவோம். ஐடிலை ஏற்றிய பிறகுதான் அடி தொடங்கியது என்றால், அந்த அடியை வைத்துக் கியர்பொக்ஸை இறக்கச் சொல்வது பிழை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ரேஸ் 800க்கு வந்த பிறகும் அடித்தால் எஞ்சின் மவுன்ரிங்குகளைப் பாருங்கள். டியில் ரேஸ் சரியாக இருந்தும் ஸ்ரியறிங் நடுங்கினாலும் அனேகமாக அதுதான். ஒயிலையும் பாருங்கள்: சூடான எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எல்லாக் கியருக்கும் ஒருமுறை போட்டெடுத்து பியில் (பார்க்) வைத்து, குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில் தொடுங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, எரிந்த மணம் அடித்தால் உள்ளே எரிந்திருக்கிறது. டி போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் கார் அசைகிறது, அல்லது எஞ்சின் கத்துகிறது கார் போகவில்லை என்றால் கியர்பொக்ஸ்காரரிடம் போவதில் நியாயம் உண்டு. இவை எதையும் நீங்கள் எழுதவில்லை. லொக்-அப் உள்ள (ஓடும்போது இரண்டு காற்றாடிகளையும் ஒன்றாகப் பூட்டும்) கொன்வேட்டர் விடுபடாமல் பிடித்துக்கொண்டாலும் நிற்கும்போது எஞ்சின் ஓஃப் ஆகும். ஆனால் அது ஓடிவந்து நிறுத்தும்போது நடக்கும், நின்ற இடத்தில் டி போட்டதற்கு நடப்பது குறைவு. உங்களுக்கு எப்போது நடக்கிறது என்று திரும்பவும் கவனியுங்கள். எழுதியதை மட்டும் வைத்து என்னால் அதை முற்றாகத் தள்ளிவிட முடியாது.

கடைசியாக, வருட லைசென்சுக்காக எடுத்த புகைப் பரிசோதனைத் தாள் காருக்குள் கிடக்கும், எடுத்துப் பாருங்கள். ஐடிலில் கார்பன் மொனொக்சைட் கூடியிருந்தால் கலவையில் பெற்றோல் அதிகம். அது குறைவாக இருந்து ஹைட்ரோகாபன் மட்டும் கூடியிருந்தால் எங்கோ காற்றுக் கசிந்தோ பிளக் தவறியோ எரியாத பெற்றோல் வெளியே போகிறது. காபரேற்றர் கழுவுவதற்கு முன் எடுத்த தாள் என்றால், இப்போது இன்னொன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த எண்களையும், நியூற்றல், டி, டியில் ஏசி என்ற மூன்று நிலைக்கும் மீற்றர் காட்டும் ரேஸையும், காபரேற்றர் பழையதுதானா அல்லது மாற்றியதா என்பதையும் எழுதுங்கள். அடுத்ததை அதிலிருந்து பார்ப்போம்.